காற்றை விற்றவர்கள் வாங்கிய விமானம்

ஆடி மாதம் சங்கரன்கோவிலில் இரண்டு விஷயங்கள் தப்பாமல் நடக்கும். ஒன்று, கோமதி அம்மனின் ஆடித்தபசு. இன்னொன்று, காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பித்தான் கயத்தாறு பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு முப்பந்தல்.

இந்தக் காற்றாலைகளுக்கும் ஒரு விமான கம்பெனிக்கும் சொந்தம் உண்டு. ‘சூரரைப் போற்று’ பார்த்தவர்களுக்கு ஏர் டெக்கான் கதை தெரியும். 2003-ல் பறக்க ஆரம்பித்த கம்பெனி அது. அதற்குப் பத்து வருடம் முன்பே சென்னையிலிருந்து ஒரு விமான கம்பெனி கிளம்பியது. பெயர், என்.இ.பி.சி. ஏர்லைன்ஸ். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு லேசாக ஞாபகம் வரலாம்.

என்.இ.பி.சி.யின் தொழில் காற்றாலை தயாரிப்பு. டென்மார்க்கின் மைக்கான் நிறுவனத்தோடு சேர்ந்து இயந்திரங்கள் செய்து விற்றார்கள். 1990-களின் முதல் பாதியில் அந்தத் தொழிலில் முன்னணியில் இருந்தார்கள். அப்போது காற்றாலை ஏன் அப்படி விற்றது? காற்று ஒரு காரணம்தான். பெரிய காரணம் வருமான வரி.

ஒரு மில் முதலாளிக்கு அந்த வருடம் ஒரு கோடி லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய பாதி வரிக்குப் போய்விடும். அதே ஒரு கோடிக்குக் காற்றாலை வாங்கினால், முழுத் தொகையையும் முதல் வருடமே தேய்மானச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்றது அன்றைய சட்டம். லாபம் கணக்கில் காணாமல் போகும், வரியும் போகும், மின்சாரம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். மில்காரர்கள் விடுவார்களா? கயத்தாறிலும் முப்பந்தலிலும் கோபுரங்கள் வரிசை கட்டின.

அந்தச் செழிப்பான நாட்களில்தான் விமான ஆசை வந்தது. 1953-ல் விமானப் போக்குவரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்ட மத்திய அரசு, 90-களில் பிடியைத் தளர்த்தியது. 1994 மார்ச்சில் பழைய சட்டமே ரத்தானது. ஈஸ்ட் வெஸ்ட், மோடிலுஃப்ட், தமானியா, சஹாரா, ஜெட் என்று புதுப் பெயர்கள் முளைத்தன. அந்தக் கூட்டத்தில் தெற்கிலிருந்து போனது என்.இ.பி.சி.

அவர்கள் எடுத்தது ஃபோக்கர் எஃப்-27. இரண்டு விசிறி வைத்த நெதர்லாந்து விமானம், நாற்பது சொச்சம் பேர் உட்காரலாம். 1987-லேயே தயாரிப்பு நின்றுபோன மாடல் என்பதால் எல்லாமே செகண்ட் ஹேண்ட். ஆனால் தேர்வு தப்பில்லை. பெரிய ஜெட் கட்டுப்படியாகாத ஊர்களுக்குச் சின்ன விமானம் என்ற கணக்கு இன்றைக்கும் சரியான கணக்குதான். லட்சத்தீவின் அகத்திக்குக்கூட அவர்கள் விமானம் போய் வந்தது.

சின்னதாகவே இருந்திருக்கலாம். 1995-ல் தமானியா ஏர்வேஸை விலைக்கு வாங்கி ‘ஸ்கைலைன் என்.இ.பி.சி.’ என்று பெயர் மாற்றினார்கள். கூடவே வந்தவை போயிங் 737 ஜெட்கள். எரிபொருள், பராமரிப்பு, சம்பளம் எல்லாம் வேறு அளவுக்குப் போயின.

இங்கேதான் இரண்டு தொழிலுக்கும் உள்ள வித்தியாசம் கடித்தது. காற்றாலையை விற்றால் பெரும் தொகை மொத்தமாக வரும். நட்டுக் கொடுத்தால் பெரிய வேலை முடிந்தது. விமான சீட் அப்படியில்லை. சங்கரன்கோவில் பூ மார்க்கெட் வியாபாரிகளுக்கு இதைச் சொல்லித் தரவேண்டாம். காலையில் போகாத மல்லிகையை மறுநாள் யார் வாங்குவார்கள்? கதவு சாத்திய பிறகு காலி சீட்டுக்கு விலையே கிடையாது. விற்றாலும் விற்காவிட்டாலும் பெட்ரோல் பங்க்காரருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும்.

இந்த நேரம் பார்த்துக் காற்றும் திரும்பியது. 1996 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் குறைந்தபட்ச மாற்று வரியைக் கொண்டுவந்தார். லாபம் காட்டிக்கொண்டே வரி கட்டாமல் இருக்கும் கம்பெனிகளும் கொஞ்சமாவது கட்டவேண்டும் என்பது அதன் சாரம். நியாயமான வரிதான். ஆனால் வரிக்காகக் காற்றாலை வாங்கியவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள், விற்பனை படுத்தது. விமானத்துக்குத் தோள் கொடுத்த தொழிலுக்கே தோள் தேவைப்பட்டது.

1997-ல் என்.இ.பி.சி. விமானங்கள் நின்றன. இந்தியன் ஆயிலுக்கு மட்டும் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து வைத்த பாக்கி 18 கோடி ரூபாய்க்கு மேல். கடன் ஏறியபோதே, அந்த வருடம் மே மாதம், இரண்டு ஃபோக்கர் விமானங்களை ஈடாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிறகு எண்ணெய் கம்பெனி ஒரு புகாரோடு கோர்ட்டுக்குப் போனது. ஈடு வைத்த விமானத்திலிருந்து இன்ஜின்களைக் கழற்றிவிட்டார்கள், மிச்சம் இருப்பது வெறும் கூடு என்பது புகார்.

அடகு வைத்த வண்டியில் இன்ஜின் இல்லை என்றால் வழக்கு என்ன வழக்கு? பணத் தகராறா, குற்றமா? சென்னை உயர் நீதிமன்றம் கிரிமினல் புகார்களை ரத்து செய்தது. 2006 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நடுவழியில் நின்றது. திருட்டு என்ற குற்றச்சாட்டு நிற்காது, ஆனால் ஏமாற்றுதல், சொத்தைச் சேதப்படுத்துதல் என்ற புகார்களை விசாரிக்கலாம் என்றது. பணம் வாங்க வேண்டிய வழக்கையெல்லாம் கிரிமினல் வழக்காக மாற்றும் பழக்கம் வளர்கிறது என்று அதே தீர்ப்பில் கவலையும் பட்டது. கடன் தகராறு கிரிமினல் ஆகுமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் வக்கீல்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். விமானம் பறந்தது நாலைந்து வருடம். கோர்ட்டில் அதன் பெயர் பறப்பது அதைவிட நீண்ட காலம்.

கூட்டாளிகள் கதியும் பெரிய வித்தியாசமில்லை. ஈஸ்ட் வெஸ்ட் 1996-ல் முடிந்தது. அதே வருடம் நின்ற மோடிலுஃப்ட் கம்பெனிதான் பின்னால் வேறு கைக்குப் போய் ஸ்பைஸ்ஜெட் ஆனது. தூத்துக்குடி வாகைகுளத்துக்கு வந்துபோன அதே ஸ்பைஸ்ஜெட். எல்லோரையும்விட நின்று விளையாடிய ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் தரை இறங்கியது.

90-களில் நட்ட காற்றாலைகளில் பல இன்னும் சுற்றுகின்றன. 200, 250 கிலோவாட் ரகம், இப்போதைய ராட்சதர்களுக்குப் பக்கத்தில் குட்டையாகத் தெரியும். 20 வருடம் தாண்டியவற்றைக் கழற்றிப் பெரியது நட தமிழக அரசு 2024-ல் கொள்கை அறிவித்துவிட்டது. அடுத்த ஆடிக்குள் சில கோபுரங்கள் இறங்கலாம்.