பீரங்கி முழங்காத போர்

தம்பி! போர்ப்படங்களிலே சிறந்தது எது என்றால், 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ என்பாய். வாள் உண்டு, பீரங்கி உண்டு, மறுப்பார் யார்?

அதே பந்துலு, அதே சிவாஜி கணேசனைக் கொண்டு 1961இல் தந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ மட்டும் போர்ப்படம் அல்லவாம்! வாழ்க்கை வரலாறாம்!

தூத்துக்குடித் துறைமுகத் தொழிலாளியைக் கேள். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி எழுந்தது. கட்டணத்தைக் குறைத்துத் தாக்கினான் வெள்ளையன். 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றனர். வ.உ.சி.க்குக் கிடைத்ததோ கோவைச் சிறை, செக்கு!

படை எங்கே? தொழிலாளர்! களம் எங்கே? கடலும் ஆலையும்!

வாளேந்தியவன் மட்டுமே வீரன் என்றால், ஆலை வாசலில் பட்டினியோடு நின்றவனுக்கு வரலாற்றிலே இடம் ஏது, தம்பி? ஆகவே, சிறந்த போர்ப்படம் ‘கப்பலோட்டிய தமிழன்’தான்!