பாசறையும் பட்டுத் திரையும்

சரித்திர நாடகத்தில் பாசறைக் காட்சி என்றால் ஒரு வெல்வெட் திரை, முலாம் பூசிய நாற்காலி, ஓரத்தில் அட்டை ஈட்டி. சேரனானாலும் சோழனானாலும் அதே திரைதான். இதை நான் ஆட்சேபிக்கிறேன்.

நார்வேயில் 1904-ல் ஓசபர்க் மேட்டைத் தோண்டியபோது, கி.பி. 834-ல் புதைத்த கப்பலோடு கூடாரச் சட்டங்களும் கிடைத்தன. குறுக்காகச் சாய்த்த பலகைகள், அவற்றின் உச்சியில் செதுக்கிய விலங்குத் தலைகள். அதைப் பார்த்து இன்று ஐரோப்பாவில் ஆர்வலர்கள் தாமே மரம் இழைத்துக் கூடாரம் கட்டி, அதில் படுத்தும் உறங்குகிறார்கள். வேலையற்ற வேலை என்று நாம் சிரிக்கலாம். ஆனால் மழை எந்த மூலையில் ஒழுகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நமக்கு ஆதாரமா இல்லை? 103 அடி கொண்ட முல்லைப்பாட்டைப் பாருங்கள். காட்டை வெட்டி முள்வேலி இட்ட பாடி; தெருத்தெருவாகத் தழைக் கூரைகள்; கோல் ஊன்றிக் கயிறு இழுத்துக் கட்டிய இருக்கைகள். அரசனுக்குத் திரை உண்டு, ஐயமில்லை. ஆனால் அந்தத் திரைக்குள் அவன் உறங்கவில்லை. புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் நினைத்துக் கிடக்கிறான். நம் மேடை திரையை மட்டும் எடுத்துக்கொண்டு, தழைக் குடிலில் நனைந்தவனை விட்டுவிட்டது.

முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதிய மறைமலையடிகள் வாழ்ந்தது பல்லாவரத்தில். பக்கத்துப் பம்மலோ, 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய சம்பந்த முதலியாரின் பெயரிலேயே இருக்கிறது. அங்கே கட்டாமல் வேறெங்கே கட்டுவது? பந்தல்காரரிடம் சவுக்குக் கழியும் கயிறும் இருக்கின்றன. முதலில் ஒரு குடில் கட்டுங்கள். ஐப்பசி மழையில் ஓர் இரவு அதில் படுங்கள். வசனத்தைப் பிறகு எழுதலாம்.