பறவையை மட்டும் பார்த்திட்டு வரலாமா?

சிட்னியில் மாமி வீட்டில் நின்ற நாட்களில், தெற்குப் பக்கமாக மூன்று மணித்தியாலம் கார் ஓடி, ஜேர்விஸ் விரிகுடாவில் இருக்கும் பூடரீ தேசிய பூங்காவுக்குப் போனோம். கிழக்கு பிரிசில்பேர்ட் என்ற பறவையைப் பார்ப்பதுதான் திட்டம். மண்ணிறம், சின்ன உருவம், தூரம் பறக்கவும் ஏலாது. கடலோரப் பற்றைகளுக்குள்ளேயே ஓடித் திரியும். விடியக்காலமை போய் நின்று குரலைத்தான் கேட்டோம். கடைசியில் ஒரு வால் தெரிந்தது. எங்களுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

இது அழியும் ஆபத்தில் உள்ள பறவை. அடிக்கடி வரும் காட்டுத்தீயும், ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட நரிகளும் முக்கிய காரணங்கள். பூடரீயில் நஞ்சு வைத்து நரிகளைக் கட்டுப்படுத்துகிறார்கள். அங்கே இந்தப் பறவை தாக்குப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பறவை பார்க்கப் போகிறவர்கள் இவ்வளவையும் எழுதுவார்கள். ஆனால் அந்த நிலம் ஆருடையது என்று எழுதுவது குறைவு. அது ரெக் பே பூர்வீகக் குடிகளுடையது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1995இல் அவர்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதை அரசுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். நிர்வாக சபையிலும் அவர்களே பெரும்பான்மை. காட்டைக் காப்பாற்ற வேணும் என்றால் சனத்தை வெளியேற்ற வேணும் என்று சொல்பவர்கள் ஒருக்கா பூடரீயைப் பார்க்க வேணும்.

அதுக்காக எல்லாம் சரியாகிவிட்டது என்றும் இல்லை. பக்கத்தில் உள்ள படைத் தளங்களில் பாவித்த தீயணைப்பு நுரையின் இரசாயனம் மண்ணிலும் தண்ணீரிலும் கலந்துவிட்டது. தலைமுறையாக மீன் பிடித்த சனம், பிடித்த மீனைச் சாப்பிடலாமா என்று யோசிக்கும் நிலை. வழக்குப் போட்டார்கள். 2023இல் அரசு 2 கோடி 20 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் கொடுக்க உடன்பட்டது. காசு வரும், ஆனால் அந்தத் தண்ணீர்?

‘பறவை பார்க்கப் போன இடத்திலும் அரசியலா?’ என்று மச்சான் கேட்டான். அந்தச் சனத்தின் அடையாளம் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு. எங்கட கரையோரங்களிலும் பறக்கும் அதே இனம்தான். அதுவும் மீன் தின்றுதான் வாழுது. தண்ணீர் கெட்டால் அந்தச் சனத்துக்கும் கழுகுக்கும் சேர்த்துத்தானே கெடுது?

பறவைப் பட்டியல் எழுதுங்கோ, நாங்களும் எழுதுவோம். பட்டியலுக்கு மேலே அந்த நிலம் ஆருடையது, அவர்கள் இப்ப எப்படி இருக்கிறார்கள் என்று இரண்டு வரியும் எழுதுவோம்.