மூன்றாம் பிரிவும் ஆறாம் பிரிவும்

கண்டியில் சித்திரவதை ஒழிக்கப்பட்ட நாள் 1815 மார்ச் 2. தலதா மாளிகையை ஒட்டிய மகுல் மடுவத்தில், செதுக்கிய மரத்தூண்களுக்கு நடுவே, பிரித்தானிய ஆளுநர் றொபேர்ட் பிரௌன்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் கூடி ஏற்ற உடன்படிக்கையின் ஆறாம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உடலை வதைக்கும் எல்லா வகைத் தண்டனையும், கை கால் உறுப்புகளைச் சிதைப்பதும் தடை. ஏழாம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஆளுநரின் எழுத்துமூல ஆணை இல்லாமல் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது. ஐ.நா. பொதுச்சபை சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தை ஏற்றதே 1984இல்தான். நம்மூர் 169 ஆண்டுகள் முந்திக்கொண்டது. பெருமைப்படலாம், மூன்றாம் பிரிவைப் படிக்காதவரை.

பதவி இழந்த மன்னரின் ஆண் உறவினர் அனைவரும் கண்டி நாட்டின் பகைவர் என்கிறது அது. அனுமதியில்லாமல் உள்ளே வந்தால் இராணுவச் சட்டம் பாயும். வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் திரும்பி வந்தாலும் அதே கதிதான். அக்கால வெள்ளைக்காரர் மலபார் என்று எழுதியது பெரும்பாலும் தமிழரை. ஆக ஒரே தாள், ஒரே மை, ஒரே நாள். ஆறாம் பிரிவில் யாரையும் வதைக்கக் கூடாது. மூன்றாம் பிரிவில் இன்னின்னாருக்கு அந்தச் சட்டமே இல்லை.

இருநூறு ஆண்டுகளாக இந்த மலைநாட்டை ஆண்டவர்கள் எல்லோரும் ஆறாம் பிரிவை மேடையில் வாசித்துவிட்டு மூன்றாம் பிரிவை வைத்துத்தான் ஆண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். விலக்குப் பட்டியலில் உள்ள பெயர்தான் காலத்துக்குக் காலம் மாறியது.

கண்டியைப் பிடிக்க வந்த ஆங்கிலேயர் சொன்ன காரணம் பொய்யல்ல என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தப்பியோடிய தன் முதன்மை அமைச்சர் எஹலேபொலவைப் பழிவாங்க 1814இல் அவருடைய மனைவி மக்களைக் கொன்றார். பிள்ளைகள் வெட்டப்பட்டார்கள், தாய் போகம்பரை ஏரியில் அமிழ்த்தப்பட்டாள். கொடுங்கோலனிடமிருந்து மக்களை மீட்கவே வந்தோம் என்றார் பிரௌன்றிக். மக்களும் பெரிதாக எதிர்க்கவில்லை. 1815 பெப்ரவரி 18இல், தெல்தெனியாவுக்கு அப்பால் மெதமஹநுவரப் பக்கம் மன்னர் பிடிபட்டபோது, பிடித்தவர்கள் அவரைக் கட்டி வைத்து ஏசினார்கள், அரசியரின் நகைகளைப் பறித்தார்கள் என்று கதை உண்டு. மீட்பு அங்கேதான் தொடங்கியது. மறு ஆண்டு கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கேயே 1832இல் இறந்தார். பாலாற்றங்கரையில் சமாதி.

எஹலேபொலவுக்கும் விடுதலை நீடிக்கவில்லை. மனைவி மக்களைப் பறிகொடுத்துவிட்டு ஆங்கிலேயருக்கு வழிகாட்டிய அதே மனிதரை 1818இல் சந்தேகத்தின் பேரில் பிடித்து, பிறகு மொரீஷியஸுக்கு அனுப்பினார்கள். அங்கேயே 1829இல் செத்தார். கண்டியில் இருந்த அவருடைய வளவு நீண்ட காலம் சிறைச்சாலையாகவே பயன்பட்டது.

2004இல் அபு கிரைப் படங்கள் வெளியானபோது உலகம் திகைத்தது. சதாம் ஹுசைன் ஆட்களை வதைத்த அதே கட்டடத்தில், அவரிடமிருந்து ஈராக்கை மீட்க வந்தவர்கள் கைதிகளை நிர்வாணமாக்கிக் குவித்துப் படமெடுத்துக்கொண்டார்கள். கண்டிக்காரருக்கு அதில் திகைக்க என்ன இருக்கிறது?

1817–18க்கு வருகிறேன். ஊவா–வெல்லஸ்ஸவில் கலகம். அடக்குவதற்கென்று ஆங்கிலேயர் அனுப்பிய ஊவாவின் திசாவை, அதாவது மாகாண அதிகாரி, கெப்பெட்டிபொல கலகக்காரரோடு சேர்ந்துகொண்டார். சேருமுன் தன்னிடமிருந்த ஆங்கிலேயத் துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்பது இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் செய்தி. பிரௌன்றிக் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். ஊர்களை எரித்தார்கள், நெல்லை அழித்தார்கள், கால்நடையைக் கொன்றார்கள். உடன்படிக்கையின் ஆறாம் பிரிவு இதில் எங்கே மீறப்பட்டது என்று ஒரு வழக்கறிஞர் கேட்கலாம். மீறப்படவே இல்லை. பட்டினிக்கு அந்தப் பிரிவில் இடமில்லையே. அப்போது இங்கே இருந்த இராணுவ மருத்துவர் ஜோன் டேவி, ஆங்கிலேயர் தரப்பில் ஏறத்தாழ 1,000 பேர் இறந்ததாகவும், நாட்டு மக்களின் இழப்பு அதைப்போல் பத்து மடங்காக, 10,000 வரை இருக்கலாம் என்றும் எழுதினார். எதிரியின் வைத்தியர் போட்ட கணக்கு அது.

1818 நவம்பர் 26இல் போகம்பரையில் கெப்பெட்டிபொலவின் தலையை வெட்டினார்கள். இன்னொரு மருத்துவர் ஹென்றி மார்ஷல் மண்டையோட்டை எடுத்துப்போய் எடின்பரோவில் மண்டை ஆராய்ச்சிச் சங்கத்துக்குக் கொடுத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு அது நாடு திரும்பி, 1954இல் தலதா மாளிகைக்கு எதிரே நினைவுத்தூணில் அடக்கமானது. ஆனால் அவரையும் சேர்த்து 19 பேரைத் துரோகிகள் என்று சொன்ன 1818 வர்த்தமானி? அதை 2016 டிசம்பரில்தான் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திரும்பப் பெற்று, அவர்களைத் தேசிய வீரர்களாக அறிவித்தார். மண்டையோடு தாளை முந்தி வந்துவிட்டது, அறுபத்திரண்டு ஆண்டுகள் முந்தி.

1848இல் மாத்தளைக் கலகம். ஆளுநர் டொரிங்டன் மறுபடி இராணுவச் சட்டம் பிறப்பித்தார். கலகத் தலைவர் புரன் அப்புவைச் சுட்டார்கள், ஒரு பிக்குவைக் காவி உடையோடேயே சுட்டார்கள். அந்தத் தண்டனையைத் தள்ளிவைக்கச் சொல்லிச் சட்ட அதிகாரி கேட்டபோது, ஊரிலுள்ள வக்கீல்கள் அத்தனை பேரும் குற்றமற்றவன் என்றாலும் நாளைக் காலை சுடத்தான் போகிறேன் என்ற பொருளில் ஆளுநர் சத்தம் போட்டதாகப் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் வந்தது. டொரிங்டனின் பதவி போனது. குறைந்தபட்சம் அவ்வளவாவது நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1915இல் கண்டியில் தொடங்கிய கலவரம் முஸ்லிம்களுக்கு எதிரானது. அதை அடக்க வந்த இராணுவச் சட்டமோ சிங்களத் தலைவர்களைச் சிறையில் தள்ளியது, பலரை விசாரணை என்று சொல்ல முடியாத விசாரணைக்குப் பிறகு சுட்டது. அவர்களுக்காக லண்டன் வரை போய் வாதாடியவர் ஒரு தமிழர், பொன்னம்பலம் இராமநாதன். திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்களே அவருடைய வண்டியை இழுத்தார்கள். கடையும் வீடும் எரிந்த முஸ்லிம்களுக்காக அவர் அதே வேகத்தோடு பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் பிரிவை எதிர்ப்பவருக்கும் ஒரு மூன்றாம் பிரிவு இருந்துவிடுகிறது.

வெள்ளைக்காரன் போன பிறகு? 1989 ஒக்டோபரில், இளைஞர் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது, பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு குளத்தைச் சுற்றி வெட்டிய தலைகள் வைக்கப்பட்டிருந்தன. சிங்கள இளைஞர்களின் தலைகள். வைத்தவர்களும் சிங்களவர்கள்தான். 2012இன் கடைசியில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிளம்பின. எந்தக் காலத்தவை என்பதில் நிபுணர்கள் ஒத்துப்போகவில்லை.

2000 ஒக்டோபர் 25இல் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 27 தமிழ் இளைஞர்களை ஒரு கும்பல் வெட்டியும் எரித்தும் கொன்றது. அவர்கள் கைதிகள், நிராயுதபாணிகள், அரசின் பொறுப்பில் இருந்தவர்கள். பொலிஸார் பக்கத்திலேயே நின்றார்கள். 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005க்குள் மேன்முறையீடுகளில் ஐவருமே விடுதலை. கெப்பெட்டிபொல எழுந்த அதே ஊவா. டொரிங்டனுக்குப் போனது போல் இங்கே யாருடைய பதவியும் போனதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் ஒருநாள் ஏரிக்கரையில் நடந்துகொண்டே எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். சிங்களவர், நல்ல மனிதர். "அதெல்லாம் சரி சேர், 98இல மாளிகையில குண்டு வெடிச்சதே? அன்றைக்கு நான் டவுன்ல இருந்தன்" என்றார். நான் வாயடைத்து நின்றேன் என்றுதான் சொல்லவேண்டும். 1998 ஜனவரி 25இல் புலிகளின் வெடிமருந்து லொறி அங்கே பதினைந்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பூப்பறித்துக்கொண்டே போர் நடத்த முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு, அதை யாராவது கட்டத்தான் வேண்டும் என்றார்.

அவர் கேட்டதை நம் பக்கமும் திருப்பிப் பார்க்கவேண்டும். 1803இல் கண்டியைப் பிடித்துப் பொம்மை மன்னனை உட்கார்த்திய ஆங்கிலேயப் படை ஜூனில் சரணடைந்தது. சரணடைந்தவர்களை மகாவலிக் கரையில் வட்டாபுளுவையில் கண்டியர் வெட்டினார்கள். வைத்தியசாலையில் எழ முடியாமல் கிடந்த நோயாளிச் சிப்பாய்களையும் விடவில்லை. சுதந்திரத்தைக் காத்தவர்கள் செய்தது அது. 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அதுவும் விடுதலையின் பேரால்தான். நம்மில் எத்தனை பேர் அதை எழுதினோம்?

ஆனாலும் ஆசிரியருக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது, அன்று தோன்றவில்லை. 1993இல் கிழக்கில் கைதான ஒரு தமிழர். அடித்துத் துன்புறுத்தினார்கள் என்றார். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. அவருக்குச் சிங்களம் தெரியாது. கீழே பெருவிரல் அடையாளம் பதித்தார்கள். கிட்டத்தட்ட அந்த வாக்குமூலம் ஒன்றையே வைத்து 1995இல் 50 ஆண்டு சிறை. பின்னர் 35 ஆக்கினார்கள். 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இது தவறு என்றது. 2006இல் நம் உயர் நீதிமன்றம் அந்தக் குழுவிடம் முறையிட இலங்கை இணங்கியதே அரசியலமைப்புக்கு முரண் என்றது. இதில் எந்தக் குண்டு தடுக்கப்பட்டது? அரசின் கைக்குக் கிடைத்தது ஒரு விரலின் ரேகை. குண்டு வைத்தவர் யார் என்று தெரியாதவர் கையிலும் விரல் இருக்கும்.

இதற்கு இடம் கொடுத்தது பயங்கரவாதத் தடைச் சட்டம், 1979இன் 48ஆம் இலக்கம். அதன் முழுப் பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொற்கள் உண்டு. மூன்று ஆண்டுக்கென்று வந்தது, 1982இல் நிரந்தரமானது, பெயர் மட்டும் தற்காலிகமாகவே இருந்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ பெறும் வாக்குமூலம் சாட்சியாகும், வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கவேண்டியது கைதியின் பாடு. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையை முற்றாகத் தடுக்கிறது. 1994இன் 22ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதை செய்பவருக்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறை என்கிறது. மறுபடியும் ஆறாம் பிரிவும் மூன்றாம் பிரிவும். 2019க்குப் பிறகு பயங்கரவாதத் தடைச் சட்டம் முஸ்லிம்கள் பக்கம் திரும்பியது. தமிழில் ஒரு கவிதைத் தொகுப்பு எழுதியதற்காக ஒரு இளம் ஆசிரியர் 2020 மே முதல் 2021 டிசம்பர் வரை உள்ளே இருந்தார்.

விலையை யார் கட்டுகிறார் என்பதை நான் ஒருமுறை கிட்ட நின்று பார்த்தேன். மலைநாட்டில் ஒரு சிறை வாசல். தெரிந்த ஒரு தோட்டத்து அம்மாவோடு வரிசையில் நின்றேன். மகன் விளக்கமறியலில். விடியற்காலையில் சமைத்து, லஞ்ச் ஷீட்டில் சுற்றிய சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருந்தாள். சோதிப்பவர் கரண்டிக் காம்பால் சோற்றைக் குத்திக் கிளறினார், அவித்த முட்டையையும் பிளந்து பார்த்தார். அது அவருடைய வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது அம்மா சொன்னாள்: "முட்டைய ஒடச்சிட்டாங்க தம்பி. அவன் முழுசாத்தான் திம்பான்." வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் மேல் என்ன குற்றச்சாட்டு என்று கேட்டேன். சிங்களத்தில் எழுதியிருக்கிறது, தெரியாது என்றாள்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கி வேறு கொண்டுவருவோம் என்று அரசாங்கங்கள் மாறி மாறிச் சொல்லிவருகின்றன. புதிய சட்டமூலம் எது வந்தாலும் அதன் முன்னுரையை நான் படிக்கப் போவதில்லை. மனித உரிமை, மாண்பு எல்லாம் அதில் நிறைய இருக்கும். மூன்று விடயங்களைத் தேடுவேன். கைதானவரை எத்தனை மணித்தியாலத்தில் நீதவான் முன் நிறுத்தவேண்டும்? பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியாகுமா? அது கைதிக்குத் தெரிந்த மொழியில், அவர் வாசித்துப் பார்க்கும்படி எழுதப்படுமா? இந்த மூன்றுக்கும் விடை எழுதியிருக்கும் பக்கத்தை முதலில் திறந்து வைத்துக்கொண்டுதான் மற்றதைப் படிப்பேன்.