பொந்தியானாக்கைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்

அக்டோபர் பிறந்துவிட்டால் கெடா நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பேய்ப்படப் பேச்சு சூடுபிடித்துவிடுகிறது. ஒரே தோட்டப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் இன்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். சுங்கை பட்டாணியில் ஒருவர், பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒருவர், ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர் ஒருவர். இரவுச் சாப்பாடு முடிந்த நேரத்தில் யாராவது கேட்கிறார்: "நீ பாத்ததுலேயே ரொம்பப் பயந்த படம் எதுடா?" அதற்குப் பிறகு நடுநிசி வரை போன் ஓய்வதில்லை.

பதில்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வந்து விழுகின்றன. 1973இல் வந்த 'எக்ஸார்சிஸ்ட்', 1981இல் வந்த 'ஈவில் டெட்', அக்டோபர் கடைசியில் வரும் பண்டிகையின் பெயரையே தலைப்பாக வைத்துக்கொண்டு ஜான் கார்பென்டர் 1978இல் எடுத்த 'ஹாலோவீன்'. கொஞ்சம் பழசு பிடித்தவர் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வைச் சேர்க்கிறார். எல்லாமே நல்ல படங்கள்தாம். ஆனால் அந்தப் பட்டியலில் கெடா இல்லை, ரப்பர்த் தோட்டம் இல்லை, மலாயா மண்ணே இல்லை. பயத்துக்குப் பஞ்சமில்லாத ஊரில் பிறந்தவர்கள் பயத்தை வெளியூரிலிருந்து இரவல் வாங்குவது வருத்தம் தருகிறது.

1957 ஏப்ரல் கடைசியில், மலாயா சுதந்திரம் பெற நான்கு மாதங்கள் இருக்கும்போது, சிங்கப்பூரில் 'பொந்தியானாக்' என்ற மலாய்ப் படம் வெளியானது. கேத்தே கெரிஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. கதாநாயகி மரியா மெனாடோ. இயக்கியவர் கேரளத்திலிருந்து வந்த பி.என்.ராவ். கூன் விழுந்த, அழகில்லாத சோமெல் என்ற பெண் ஒரு மந்திரத்தால் பேரழகி ஆகிறாள். இரத்தத்தைச் சுவைக்கவே கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு. ஒருநாள் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. விஷத்தை உறிஞ்சி அவன் உயிரைக் காப்பாற்றப் போய், அவள் பொந்தியானாக் ஆகிவிடுகிறாள். கணவனைக் காப்பாற்றியதே ஒரு பெண்ணைப் பேயாக்குகிறது என்ற இந்த முடிச்சு எந்த நாட்டுப் பேய்ப்படத்துக்கும் சளைத்ததில்லை. அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்', அடுத்த ஆண்டில் 'சும்பா பொந்தியானாக்' என்று தொடர்ச்சிகள் வந்தன. போட்டி நிறுவனமான ஷா சகோதரர்களும் தங்கள் பங்குக்கு ஒரு பொந்தியானாக் படம் எடுத்தார்கள்.

அந்தக் காலத்து மலாய்ப் படங்களுக்குப் பின்னால் நம்மவர்கள் எத்தனை பேர் நின்றார்கள் என்பது இன்றைய பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. பி.ரம்லிக்கு 'பக்தி' படத்தில் முதன்முதலாகக் கதாநாயக வேடம் கொடுத்தவர் மதராஸ் மாகாணத்தில் பிறந்த எல்.கிருஷ்ணன். உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய் பூசிக்கொண்டு இரவில் வீடு புகும் 'ஓராங் மின்யாக்' 1958இல் திரைக்கு வந்தபோது அதை இயக்கியவரும் அவரே. அதே ஆண்டு பி.ரம்லியும் 'சும்பா ஓராங் மின்யாக்' எடுத்தார். மலேசியத் தமிழ்ப் படங்களின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் ஆரம்பத்திலேயே குறிப்பிடும் பெயர் 1960களின் இறுதியில் வந்த 'ரத்தப் பேய்'. இந்த நாட்டில் தமிழ்ப் படம் பேயோடுதான் கண் விழித்தது என்று சொன்னால் தவறில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். முதல் 'பொந்தியானாக்' இன்று இல்லை. படச்சுருள் கிடைக்கவில்லை, இரண்டாவது படமும் அப்படியே. சில புகைப்படங்களும் விளம்பரத் தாள்களும் பத்திரிகைக் குறிப்புகளும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. ஜெர்மனியில் 1922இல் வந்த 'நோஸ்பெராட்டு' படத்தின் பிரதிகளை அழிக்கச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிட்டது. 'டிராகுலா' எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி தொடுத்த வழக்கு அது. ஆனாலும் அந்தப் படம் எங்கெங்கோ தப்பிப் பிழைத்து இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. பொந்தியானாக்கை அழிக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடவில்லை. போற்றிக் காப்பார் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

படம் போனாலும் பார்த்த கண்கள் போய்விடவில்லை. 1957இல் பத்துப் பன்னிரண்டு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு டவுனுக்குப் போய்ப் படம் பார்த்தவர்களுக்கு இப்போது எண்பது வயதையொட்டி இருக்கும். அவர்களில் சிலர் பீடோங்கிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் தாமான் வீடுகளின் ஐந்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நண்பர்கள் 'கான்ஜுரிங்' எத்தனாவது பாகம் நன்றாக இருந்தது என்று போனில் வாதாடிக்கொண்டிருக்கும் அதே வீட்டில், அடுத்த அறையில், தொலைந்துபோன ஒரு படத்தின் கடைசிச் சாட்சி படுத்திருக்கலாம். அந்தப் பாட்டியிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கெடாவுக்கென்று சொந்தமாக ஓர் இரத்தக்காட்டேரி உண்டு என்பதையும் இந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும். 'ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா' என்ற பழைய மலாய் நூல் சொல்லும் ராஜா பெர்சியோங்தான் அவன், கோரைப்பல் அரசன். அரண்மனைச் சமையல்காரியின் விரலில் வெட்டுப்பட்டு ஒரு துளி இரத்தம் கீரைக் குழம்பில் விழுந்துவிடுகிறது. மறுபடி சமைக்க நேரமில்லாமல் அவள் அப்படியே பரிமாறுகிறாள். அரசன் சாப்பிட்டுவிட்டு, இத்தனை நாள் இல்லாத ருசி இன்றைக்கு எப்படி வந்தது என்று மிரட்டிக் கேட்கிறான். உண்மை தெரிந்த நாளிலிருந்து அவனுக்குக் குழம்பில் இரத்தம் வேண்டும். கொஞ்ச நாளில் கோரைப்பல்லும் முளைத்துவிடுகிறது. குடிமக்கள் திரண்டு விரட்ட, ஓடிப்போனவன் தன் பல்லைப் பிடுங்கி எறிந்த இடம்தான் பாலிங் என்று அந்த வட்டாரத்து மக்கள் சொல்கிறார்கள். அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் பிரதமராக இருந்த காலத்திலேயே இந்தக் கதையைத் திரைக்கு எழுதினார். ஜமில் சூலோங் இயக்கத்தில் 1968இல் 'ராஜா பெர்சியோங்' வெளியானது. ஒரு நாட்டின் பிரதமர் தன் ஊர்ப் பேய்க்கதையைப் படமாக்கியதற்கு உலகத்தில் வேறு எத்தனை உதாரணம் காட்ட முடியும்?

தமிழ்ப் படங்களுக்கு வருவோம். கார்பென்டரின் 'ஹாலோவீன்' வந்த அதே 1978இல்தான் துரை இயக்கிய 'ஆயிரம் ஜென்மங்கள்' வந்தது. லதாவின் உடம்பில் புகுந்த ஆவியை அண்ணன் ரஜினிகாந்த் எதிர்கொள்ளும் கதை. விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி'யும் அதே ஆண்டுதான். தெலுங்கில் எடுத்துத் தமிழில் மொழிமாற்றி வந்த படம். மோகினி தன் காலையே விறகாக அடுப்புக்குள் நீட்டிச் சமைக்கும் காட்சியைச் சொன்னால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பலர் இன்றும் "ஐயோ, அதுவா!" என்பார்கள். தந்திரக் காட்சி எளிமையானது, கணினி ஏதும் இல்லை. ஆனாலும் விறகடுப்பில் தினமும் ஊதிச் சமைத்த பெண்களுக்கு அந்தக் கால் நெருப்புக்குள் போனபோது ஏற்பட்ட அதிர்ச்சியை எந்த ஹாலிவுட் முகமூடிக்காரனாலும் கொடுத்திருக்க முடியாது. அவர்கள் புழங்கிய அடுப்பு அது. அதற்கும் முன்னால் 1966இல் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த 'யார் நீ?' இருக்கிறது, பின்னால் தொலைக்காட்சியில் நாகாவின் 'விடாது கருப்பு' இருக்கிறது. தோட்டத்து எல்லையில் முனியாண்டிக்கும் கருப்பனுக்கும் சுருட்டு வைத்துக் கும்பிட்ட குடும்பங்களுக்கு அந்தத் தொடர் வெறும் கதையாகத் தோன்றியிருக்காது.

தோட்டத்துப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், தலைவிளக்கு வெளிச்சத்தில் நிரை நிரையாகப் பால்மரம் சீவியவர்கள் அவர்கள். நெற்றி வெளிச்சம் விழும் ஒரு மரத்தைத் தவிர நாலு பக்கமும் இருட்டு. அந்த இருட்டில் உலவிய கதைகளுக்குள் நிஜமான சாவுகள் ஒளிந்திருந்தன. ஆரம்பக் காலத் தோட்டங்களில் மலேரியா கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொண்டுபோயிற்று. பிரசவத்தில் தாய் செத்தாள், பிள்ளை செத்தது. பொந்தியானாக் பிரசவத்தில் செத்தவளின் ஆவி என்று மலாய்க்காரர்கள் சொன்னதைத் தமிழ்ப் பெண்கள் எளிதில் நம்பியதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. 1942, 43இல் ஜப்பானியர்கள் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன தோட்டத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. பிணம் வரவில்லை, கருமாதிக்கு நாள் தெரியவில்லை. அப்படி ஒருவரை இழந்த வீட்டில் ஆவிப் பேச்சு எழுந்தால் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க இந்தக் கட்டுரைக்கு மனம் வரவில்லை.

எழுத்தாளர்கள் இதைச் சினிமாவுக்கு முன்பே உணர்ந்திருக்கிறார்கள். லூனாஸைச் சேர்ந்த ம.நவீன் 2019இல் எழுதிய நாவலின் பெயரே 'பேய்ச்சி'. லூனாஸில் சம்சு குடித்துப் பலர் மாண்ட நிகழ்வு அதன் பின்னணி. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. கெடாத் தோட்டத்து மனிதர்களை 'மண்புழுக்கள்' நாவலில் எழுதிய சீ.முத்துசாமிக்கு 2017இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்தது. இலக்கியம் இவ்வளவு தூரம் போயிருக்கும்போது, நம் தோட்டத்து லயத்தில் நடக்கும் ஒரு தரமான தமிழ்ப் பேய்ப்படத்துக்கு இன்னும் ஏன் காத்திருக்கிறோம்? மலாய்ச் சினிமா 2004இல் 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' மூலம் தன் பேயை மீட்டுக்கொண்டது. 'ரோ' போன்ற சிறிய படம் மலேசியாவின் ஆஸ்கார் பரிந்துரையாகவே போயிற்று. வழி தெரியாமல் இல்லை.

"தீபாவளி நேரத்தில் பேய்ப் பேச்சு எதற்கு?" என்று வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வதுண்டு. ஹாலோவீன் நமக்கு அந்நியம் என்பதும் உண்மைதான். பேரங்காடி வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டில் நமக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் 2024இல் அக்டோபர் 31 அன்று தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. மேற்கில் செத்தவர்கள் திரும்பி வரும் இரவு என்று பழங்காலத்தில் நம்பப்பட்ட பொழுது அது. மலேசியத் தமிழ் வீடுகளில் தீபாவளிக்கு முந்தின நாள் என்ன நடக்கிறது? இறந்தவர் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, புதுத்துணி வைத்து, ஆட்டுக்கறிக் குழம்பு, முறுக்கு, தாத்தாவுக்குப் பிடித்தது என்று ஒரு போத்தல் பீர் வரை வைத்துப் படைக்கிறோம். செத்தவர்களை வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் நம்மிடமே இருக்கிறது. அந்த வாரத்தில் அவர்களைப் பற்றிப் பேசுவதில் என்ன அபசகுனம்?

கண்டிக்க வேண்டியது வேறு. 'நேற்று இரவு நெடுஞ்சாலையில் கேமராவில் பதிவான உருவம்' என்று யாரோ அனுப்பும் பொய்க் காணொளியை அப்படியே பத்துப் பேருக்குத் தள்ளிவிடுவது பேய்ப்பட ரசனை ஆகாது. அந்தப் பயத்தைக் காசாக்கச் சில போமோக்களும் மந்திரவாதிகளும் காத்திருக்கிறார்கள். நல்ல பேய்ப்படத்தைப் பற்றிப் பேசிப் பழகியவனை அவ்வளவு சுலபத்தில் ஏமாற்ற முடியாது. எந்த இடத்தில் வெளிச்சம் குறைகிறது, எந்த இடத்தில் சத்தம் கூடுகிறது என்று அவனுக்குத் தெரியும்.

ஆகவே இந்த அக்டோபரில் குழுவில் இருப்பவர்கள் ஒரு காரியம் செய்யலாம். வீட்டிலிருக்கும் மூத்தவரிடம் போனைக் கொடுத்து, குரல் பதிவு பொத்தானை அழுத்திவிட்டு, சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்கலாம். பொந்தியானாக் படம் பார்த்தீர்களா? எந்த டவுனில், எந்தத் தியேட்டரில்? டிக்கெட் எவ்வளவு? யாரோடு போனீர்கள்? படம் விட்டதும் தோட்டத்துக்கு லாரியில் திரும்பினீர்களா, சைக்கிளிலா, நடந்தா? மரியா மெனாடோ பேயாக மாறும்போது கொட்டகையில் என்ன நடந்தது? அவசரகாலத்தில் தகவல் இலாகா வண்டி தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டதே, அது நினைவிருக்கிறதா? பதிவைப் பெயரும் வயதும் தோட்டமும் குறித்துக் குழுவில் போடலாம். பிறகு அவற்றைத் தொகுத்து ஒரு நூலகத்திடமோ பல்கலைக்கழகத்திடமோ ஒப்படைக்கலாம். 'சும்பா பொந்தியானாக்' இன்னும் இருக்கிறது. அதை ஓர் இரவு எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் பாட்டியிடம் முதல் கேள்வியைக் கேட்கலாம்.