பனிக்கு அஞ்சாத ரோஜா
ஒட்டாவாவில் மறுபடியும் பனிப்புயல் என்று படித்ததும் என் மனம் போய் நின்றது அந்த ஊரின் மத்திய பரிசோதனைப் பண்ணையில், ஜூன் மாத ரோஜாக்களுக்கு நடுவே. ‘வில்லியம் பாஃபின்’ என்ற ரோஜாக் கொடி ஆளுயரம் தாண்டி ஏறி, கொத்துக் கொத்தாக அடர் இளஞ்சிவப்பில் பூத்திருந்தது. பூவின் நடுவே மஞ்சள் மகரந்தம், அதில் புரண்டு எழும் தேனீ. வாசனை அவ்வளவாக இல்லை, நிறம்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வியன்னாவில் பிறந்து கனடாவில் குடியேறிய ஃபெலிசிட்டாஸ் ஸ்வெய்டா 1961இல் தொடங்கிய உழைப்பின் பலன் இந்த ரோஜா. செடிகளைக் குளிர்காலத்தில் போர்த்தி வைக்காமல் வெட்டவெளியில் விட்டார், பிழைத்தவற்றையே தேர்ந்தெடுத்தார். அழகுக்கும் முன்னால் உயிர்த்துடிப்பைக் கேட்ட அந்தப் பிடிவாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். அவருடைய ‘மார்ட்டின் ஃப்ரோபிஷர்’ 1968இல் வந்தது, பிறகு ‘ஜான் கேபட்’ போன்றவை. மைனஸ் 30 டிகிரியையும் தாங்குகிற இனங்கள் இவை. ஆகவே புயல் நாளில் கோடை ரோஜாவை நினைத்து மகிழ்வது வெறும் ஏக்கமல்ல. அந்தச் செடி பனிக்கு அடியில் உயிரோடுதான் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்கக் கனடா போகிறவர்கள் ஜூன் கடைசியில் அந்தப் பண்ணைக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள்; கட்டணம் கிடையாது.