விமானி ஆக ஆசையா? பணம் கட்டும் முன் ஒரு பரீட்சை!

"என் மகன் விமானம் ஓட்டப் போகிறான்!"

இப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைப்படாத தாய் தந்தை உண்டா?

முன்பு பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே இந்த ஆசை வந்தது. இப்போது பஸ் கண்டக்டர் வீட்டிலும் வருகிறது. பள்ளிக்கூட ஆசிரியர் வீட்டிலும் வருகிறது. ஆண் பிள்ளைக்கும் வருகிறது, பெண் பிள்ளைக்கும் வருகிறது.

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் செலவு சாமானியமானது அல்ல. பயிற்சிக்கு அரைக் கோடி ரூபாய் ஆகும். அதற்கு மேலும் ஆகும். அதற்காக நிலத்தை விற்கிறார்கள். வீட்டை அடகு வைக்கிறார்கள். அம்மாவின் நகை வங்கிக்குப் போகிறது.

நமது நாட்டில் விமானி லைசென்சு வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பல பாடங்களில் தேற வேண்டும்.

லைசென்சு கிடைத்துவிட்டால் வேலையும் கிடைத்த மாதிரிதான் என்று பல பேர் நினைக்கிறார்கள்.

அது தவறு. விமானக் கம்பெனிகள் தனியாகப் பரீட்சை வைக்கின்றன. அதில் ஒன்று திறன் பரீட்சை. படிப்பில் முதல் மார்க் வாங்கியவர்களும் இதில் தடுக்கி விழுவது உண்டு.

பணம் எல்லாம் கரைந்த பிறகு விழுகிறார்கள். அதுதான் கொடுமை!

புத்தகம் இல்லாத பரீட்சை

திறன் பரீட்சை என்றால் என்ன?

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பார்கள். கையில் ஒரு பிடி இருக்கும். திரையில் ஒரு புள்ளி அங்கும் இங்கும் ஓடும். பிடியை அசைத்து, அந்தப் புள்ளியை நடுவிலேயே நிறுத்தி வைக்க வேண்டும்.

அதே நேரத்தில் காதில் எண்கள் கேட்கும். குறிப்பிட்ட எண் வந்தால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். திரையின் மூலையில் ஒரு கணக்கு வரும். அதற்கும் விடை சொல்ல வேண்டும்.

தனித்தனியாகக் கொடுத்தால் பத்து வயதுப் பையன் செய்துவிடுவான். மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் பட்டதாரிக்கும் வியர்த்துவிடும்!

இதோடு ஞாபக சக்திக்கு ஒரு சோதனை. திசை அறிய ஒரு சோதனை. எண் வரிசைக்கு ஒரு சோதனை. 3, 6, 11, 18, 27... அடுத்த எண் என்ன? யோசிக்கச் சில விநாடிகளே தருவார்கள். (விடை: 38. ஒவ்வொரு தடவையும் கூடுவது 3, 5, 7, 9. அடுத்தது 11.)

இதை மனப்பாடம் செய்ய முடியாது. புத்திசாலி யார் என்று பார்ப்பது மட்டும் இதன் நோக்கம் அல்ல. பல வேலைகள் ஒன்றாக வந்தாலும் நிதானம் இழக்காதவர் யார் என்பதையும் பார்க்கிறார்கள்.

ஒரு சிறு பல்பு

நிதானத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு?

1972-ம் ஆண்டு டிசம்பர் 29. அமெரிக்காவில் நியூயார்க்கில் இருந்து மியாமி நகருக்கு ஒரு பெரிய விமானம் போயிற்று. இறங்கும் நேரத்தில், முன் சக்கரத்துக்கு உரிய விளக்கு எரியவில்லை.

சக்கரம் சரியாகத்தான் இறங்கி இருந்தது. பல்புதான் பழுது.

விமானி அறையில் இருந்தவர்கள் எல்லாருடைய கவனமும் அந்தப் பல்பின் மேலேயே இருந்தது. அந்தச் சமயத்தில் விமானம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. விமானம் சதுப்பு நிலத்தில் மோதியது. சுமார் 100 பேர் மாண்டார்கள்.

அவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் அல்ல. அப்படி இருந்தும் இந்தக் கதி! ஒரு கண் பல்பைப் பார்த்தால், மற்றொரு கண் உயரத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் விமானியின் தொழில். புள்ளியை ஓட விட்டு, காதில் எண்ணைச் சொல்லி, கணக்கும் கொடுப்பது இதற்காகத்தான். அது விளையாட்டு அல்ல.

யுத்தம் தந்த பாடம்

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவுக்கு ஆயிரக்கணக்கில் விமானிகள் தேவைப்பட்டார்கள். அங்கே திறன் பரீட்சை வைத்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்டார்கள்.

9 வாங்கியவர்களில் மிகச் சிலரே பயிற்சியில் தோற்றார்கள். 1 வாங்கியவர்களிலோ பெரும்பாலோர் தோற்றார்கள்.

"பரீட்சையை நம்பலாமா?" என்ற சந்தேகம் சிலருக்கு இருந்தது. அதைத் தீர்க்க, மதிப்பெண்ணைப் பார்க்காமலே சுமார் ஆயிரம் பேரைப் பயிற்சிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களில் மிகப் பலர் தேறவில்லை.

இந்தப் பாடத்தைப் பல நாடுகள் கற்றுக்கொண்டன. ஜெர்மனியில் லுப்தான்சா கம்பெனியின் விமானி ஆக விரும்புகிறவர், ஹாம்பர்க் நகரில் உள்ள விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தின் பரீட்சையில் முதலில் தேற வேண்டும் என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பயிற்சி அதற்குப் பிறகுதான்.

நமது விமானப் படையிலும் திறன் பரீட்சை உண்டு. அது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். தோற்றவர் அங்கே விமானி ஆக முடியாது.

உத்தரப் பிரதேசத்தில் புர்சத்கஞ்ச் என்ற ஊரில் மத்திய அரசின் விமானப் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. இந்திரா காந்தி பெயரில் அமைந்தது. அங்கும் எழுத்துப் பரீட்சை, திறன் பரீட்சை, நேர்முகத் தேர்வு எல்லாம் முடிந்த பிறகே இடம் தருகிறார்கள்.

முதலில் பரீட்சை. பிறகு பணம். இதுதான் நியாயமான முறை!

தயார் ஆவது எப்படி?

மனப்பாடம் உதவாது. ஆனால் பழக்கம் உதவும்.

முதலாவது, மனக்கணக்கு. விமானம் மணிக்கு 480 கடல் மைல் போகிறது. நிமிஷத்துக்கு எத்தனை? எட்டு. விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கிறது. எவ்வளவு தூரத்துக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும்? 35-ஐ மூன்றால் பெருக்கினால் 105 கடல் மைல். விமானிகள் இப்படித்தான் மனத்திலேயே உத்தேசக் கணக்குப் போடுகிறார்கள். மளிகைக் கடைச் சீட்டை மனத்துக்குள் கூட்டிப் பாருங்கள். அதுவும் பயிற்சிதான்.

இரண்டாவது, திசை. சென்னை மீனம்பாக்கத்தில் ஓடுபாதையின் ஒரு முனைக்கு 07 என்று பெயர். அது 70 டிகிரி திசையைக் குறிக்கும். மறு முனைக்கு 25 என்று பெயர். அது 250 டிகிரி. எதிர்த் திசைக்கு 180-ஐக் கூட்ட வேண்டும். 200-ஐக் கூட்டி 20-ஐக் கழித்தால் சீக்கிரம் விடை வரும்.

மூன்றாவது, கவனத்தைப் பங்கு போடுவது. ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டே பத்துக் கணக்குப் போடுங்கள். பிறகு, கேட்ட செய்திகளை வீட்டாரிடம் சொல்லுங்கள். முதல் நாள் இரண்டும் கெடும். போகப் போகப் பழகும்.

நான்காவது, மாதிரிப் பரீட்சை. கம்ப்யூட்டரில் சில வாரம் பழகினால் புதிது என்ற பயம் போகும். தினம் அரை மணி நேரம் போதும். பரீட்சைக்கு முந்தின இரவு கண் விழிக்க வேண்டாம். களைத்த மூளைக்குக் கணக்கு வராது.

ஐந்தாவது, ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு நிற்காதீர்கள். தெரியாவிட்டால் அடுத்ததுக்குப் போங்கள். பல்பு கதையை நினைவில் வையுங்கள்!

ஆறாவது, உண்மை. குணத்தை அறியவும் கேள்விகள் வரும். "எனக்குக் கோபமே வந்தது இல்லை" என்று எழுதினால் யார் நம்புவார்கள்? அதே கேள்வியை வேறு விதமாகத் திரும்பக் கேட்பார்கள். பொய் அகப்பட்டுவிடும்.

பெற்றோர் கவனிக்க

எது முதலில், எது பிறகு என்பதுதான் முக்கியம்.

முதலில் டாக்டர். கண், காது, இதயம் எல்லாம் விமானிக்கு உரிய அளவில் இருக்கின்றனவா என்று அரசு அங்கீகாரம் பெற்ற டாக்டரிடம் பார்த்துவிட வேண்டும். நிறம் பிரித்து அறிய முடியாத குறை, பையனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

இரண்டாவது, திறன் பரீட்சை. மூன்றாவதுதான் பணம்!

"வேலை நிச்சயம்" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம், "அதை எழுத்தில் தருவீர்களா?" என்று கேளுங்கள். எழுதித் தந்தாலும் ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பயிற்சிப் பள்ளிகளுக்கும் ஒரு கடமை உண்டு. கட்டணம் வாங்கும் முன் திறன் பரீட்சை வைக்க வேண்டும். முடிவை ஒளிக்காமல் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். இதை எல்லாப் பள்ளிகளுக்கும் அரசாங்கம் கட்டாயம் ஆக்க வேண்டும். ஒரு குடும்பம் கடனில் மூழ்காமல் தப்ப இது ஒன்றே போதும்.

தோற்றால் குடி முழுகுமா?

ராமேசுவரத்து இளைஞர் ஒருவருக்கு விமானி ஆக வேண்டும் என்று தணியாத ஆசை. விமானப் படைத் தேர்வுக்காக டேராடூன் போனார். 25 பேர் வந்திருந்தார்கள். இடம் எட்டுப் பேருக்கு. அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம்!

மனம் உடைந்தது. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1980-ம் ஆண்டு ரோகிணி செயற்கைக் கோளை வானுக்கு ஏற்றிய ராக்கெட் திட்டத்துக்கு அவர்தான் தலைவர். 2002-ம் ஆண்டு நாட்டின் ஜனாதிபதி ஆனார். அவர்தான் அப்துல் கலாம்!

2006-ம் ஆண்டு, 74-வது வயதில், சுகோய் போர் விமானத்தில் துணை விமானியின் ஆசனத்தில் அமர்ந்து அவர் பறந்தார்.

விமானத்தோடு சேர்ந்த தொழில்கள் பல. பழுது பார்க்கும் என்ஜினீயர், போக்குவரத்தை நடத்தும் அதிகாரி என்று எத்தனையோ பேர் தரையில் வேலை செய்கிறார்கள். விமானி வேலை எல்லாருக்கும் பொருந்தாது. பொருந்தாது என்று தெரிந்துகொள்வது அவமானம் அல்ல.

ஆனால் அதை எப்போது தெரிந்துகொள்வது? நிலம் கையில் இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். நிலம் போன பிறகு அல்ல!